நம் வண்டியை நாமே பேணுதல்

ஓரிடத்தில் நிலைத்து நிற்பது வீடு. ஓரிடத்தில் நில்லாது ஓடுவது வண்டி. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, உண்ணவும் உறங்கவும் இடமுள்ள சிறு வீடொன்றைச் சக்கரங்களின்மேல் ஏற்றிவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழைய ஆசை. மேலை நாட்டார் தம் காரின் பின்னே ஒரு வீட்டு வண்டியைக் கொளுவி இழுத்துக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் செல்வதை மாணவர்களாகிய நீங்கள் படங்களில் கண்டிருப்பீர்கள். டிரெயிலர் என்றும் கேரவன் என்றும் அதற்குப் பெயர். அதனை வைத்திருப்போருள் பலர், பழுது பார்க்கும் வேலையையும் புது வசதிகள் சேர்க்கும் வேலையையும் தாமே செய்துகொள்கின்றனர். ‘சிவகிரியிலும் சங்கரன்கோவிலிலும் வாழும் நமக்கு இதனோடு என்ன தொடர்பு?’ என்று உங்களில் ஒருவர் வினவலாம். தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. நம் பாட்டனார் காலத்துக் கூண்டு வண்டியே நம் நாட்டு இழுவை வீடு. அதனைப் பேணிய கலையில் உள்ள அறிவியலே இன்றைய இழுவை வண்டிக்கும் அடிப்படை. அக்கலையை இங்கே சிறிது விளக்கமாகக் காண்போம்.

முதலில் நம் இலக்கியத்தைப் புரட்டுவோம். பத்துப்பாட்டினுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது. அதில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியொன்று வருகிறது. மேலே கூரை வேய்ந்திருக்கிறது; கோழி அடையும் கூடு இருக்கிறது; சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது; காடி வைத்த கலமும் உண்டு. குழந்தையை உடைய பெண்ணொருத்தி அமர்ந்து எருதுகளை ஓட்டுகிறாள். சமையலுக்கு உரலும், உணவுக்குக் கலமும், வளர்க்கும் கோழிக்குக் கூடும் கொண்டு நெடுவழி செல்லும் இவ்வண்டியை, வீட்டு வண்டி என்று சொல்லாமல் வேறு என்னென்று சொல்வது?

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார் ஒளவையார். எருதோ இளையது, வண்டியிலோ பண்டம் மிகுதி, வழியில் எங்கே பள்ளம் வரும், எங்கே மேடு வரும் என்பதை யார் அறிவார்? இப்படி எண்ணிய உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டு புறப்படுவராம். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். ஓடுகிற அச்சு முறிந்தால் காப்பாற்ற வருவது அது. அந்தச் சேம அச்சுப் போன்றவன் நீ என்று தலைவனைப் புகழ்கிறார் புலவர். பாட்டின் அழகு ஒருபுறம் இருக்க, அதற்குள் ஒரு தொழில் உண்மை இருப்பதை நோக்குங்கள். மாற்று அச்சை உடன் எடுத்துச் செல்பவனுக்கு, நடுவழியில் அதனை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் தச்சர் இல்லை, கொல்லர் இல்லை. ஆகவே உமணர் வண்டியை ஓட்டத் தெரிந்தவராக மட்டும் இருந்திருக்க இயலாது. தம் வண்டியைத் தாமே பழுது பார்க்கத் தெரிந்தவராகவும் இருந்திருக்க வேண்டும்.

மேலை நாட்டில் இன்பப் பயணத்துக்கென வீட்டு வண்டி செய்யும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் கடற்படையில் மருத்துவராய் இருந்து ஓய்வு பெற்ற எழுத்தாளர். அவருக்காக 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்று ‘வாண்டரர்’ என்னும் வண்டியைச் செய்து கொடுத்தது. அதனை இழுத்தவை குதிரைகள். பின்னர் மோட்டார் வந்தது. அமெரிக்காவில் 1930களில் வாலி பையாம் என்பவர் அலுமினியத் தகட்டாலான ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளைச் செய்து புகழ் பெற்றார். நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால், கேரள அரசும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இழுப்பது எருதாயினும், குதிரையாயினும், மோட்டாராயினும், சக்கரமும் அச்சும் சுமையும் கொண்ட வண்டிக்கு இயற்கையின் விதிகள் ஒன்றே.

இனி நம் ஊருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்தது சிவகிரி. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. பேருந்துகள் பெருகுவதற்கு முன், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும் குற்றாலச் சாரலுக்கும் இப்பக்கத்துக் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சென்றன. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்திருக்கும். குழந்தைகளும் முதியோரும் உள்ளே. கட்டுச்சோற்று மூட்டை ஒரு மூலையில். அச்சின் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு. இரவு முழுவதும் வண்டி ஓடும். நடுவழியில் சக்கரம் கழன்றால் குடும்பம் முழுவதும் இருட்டில் நிற்க வேண்டும். வண்டி குடை சாய்ந்தால் உயிருக்கே கேடு. ஆதலால் பயணத்துக்கு முந்திய நாட்களில் வண்டியை உறுப்பு உறுப்பாகச் சோதிப்பது வீட்டுத் தலைவரின் கடமையாக இருந்தது. அச்சோதனை எப்படி நடந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சக்கரமே முதலாவது. மரச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து புறப்படுபவை ஆரக்கால்கள். ஆரக்கால்களின் நுனியில் வளைவாகப் பொருந்தி வட்டத்தை முடிப்பவை வட்டைகள். பெரும்பாலான சக்கரங்களில் 12 ஆரக்கால்களும் 6 வட்டைகளும் இருக்கும். இத்தனை துண்டுகளையும் பசையோ திருகாணியோ இன்றி ஒன்றாக இறுக்கிப் பிடிப்பது வெளியே உள்ள இரும்புப் பட்டை. அது எவ்வாறு இறுக்குகிறது? பட்டையின் உட்சுற்றளவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே கொல்லர் செய்வார். அதனை வட்டமாக அடுக்கிய எருவிலும் விறகிலும் இட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். விரிந்த பட்டையைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் பொருத்தி, உடனே தண்ணீர் ஊற்றுவார். ஆவி எழும், மரம் முனகும், பட்டை சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தை நோக்கி அழுத்திக் கட்டிவிடும்.

இதனைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்பு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. 5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.8 மீட்டர். பட்டையை 500 பாகை அளவுக்குச் சூடேற்றினால் அது ஏறத்தாழ 29 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கும் சற்று மேலாக நீளும். இந்த ஓர் அங்குலத்தை நம்பியே நம் முன்னோர் ஆயிரம் வண்டிகளைச் சாலையில் ஓடவிட்டனர். 1980களில் நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, வெப்ப விரிவுப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல், மாணவரைக் கொல்லுப் பட்டறைக்கு அழைத்துச் சென்று தொடங்குவது வழக்கம். ‘திடப்பொருள்கள் வெப்பத்தால் விரிவடையும்’ என்ற வரியை மனப்பாடம் செய்யத் தடுமாறிய பிள்ளைகளும், பட்டை ஏறிய காட்சியைத் தாமே வாக்கியம் அமைத்து விளக்கினார்கள்.

கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். அப்போது ஆரக்கால்கள் பொருத்துவாயில் ஆடும்; வண்டி ஓடும்போது ‘கடகட’ என்னும் ஒலி எழும். வண்டிக்காரர் சக்கரத்தைக் குளத்து நீரில் ஊறப் போடுவார். மரம் நீரை உறிஞ்சிப் பருத்து, மீண்டும் இறுகும். ஆயினும் இது தற்காலிக மருந்தே. நீர் வற்றியதும் மரம் மறுபடியும் சுருங்கும், ஆட்டமும் திரும்பும். பட்டையைக் கழற்றிச் சிறிது வெட்டிக் குறைத்து, மீண்டும் காய்ச்சி ஏற்றுவதே நிலையான மருந்து. தற்காலிக மருந்து எது, நிலையான மருந்து எது என்று பிரித்தறிவது பேணும் கலையின் முதற்பாடம்.

இரண்டாவது அச்சும் கடையாணியும். சக்கரம் அச்சைச் சுற்றிச் சுழலும்போது குடத்தின் உட்புறமும் அச்சின் வெளிப்புறமும் உரசுகின்றன. உராய்வு மிகுந்தால் எருதுக்கு இழுப்பு மிகும், சூடு ஏறும், உறுப்புத் தேயும். இதனைக் குறைக்க, வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகினை அச்சில் தடவினர். பயணத்தின்போது அம்மசகு ஒரு மூங்கிற் குழாயில் வண்டியோடு தொங்கும். சக்கரம் கழன்று போகாதபடி அச்சின் நுனியில் செருகப்பட்டிருக்கும் சிறு இரும்பு முளையே கடையாணி. அதனை அச்சாணி என்றும் சொல்வர். வண்டியில் மிகச் சிறிய உறுப்பு அதுவே. அது விழுந்தால் மிகப் பெரிய உறுப்பு உருண்டோடிவிடும். வழியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இரு கடையாணிகளையும் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல வண்டிக்காரரின் பழக்கம்.

மூன்றாவது சுமையின் சமநிலை. இரு சக்கர வண்டி என்பது அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோல். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி எருதின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு எருதின் தொண்டையை நெரிக்கும். 500 கிலோகிராம் சுமை அச்சுக்கு நேர் மேலே இல்லாமல் 15 சென்டிமீட்டர் முன்னே தள்ளியிருக்கிறது என்று கொள்வோம். அச்சுக்கும் நுகத்தடிக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு. அப்போது நுகத்தடியில் இறங்கும் பாரம் 500-ஐ 0.15-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் வரும் 25 கிலோகிராம். ஒரு சாண் தூரம்கூட நகராத மூட்டைகள், வாயில்லா உயிர்களின் கழுத்தில் இத்தனை பாரத்தை ஏற்றிவிடுகின்றன. சரிவில் இறங்கும்போது வண்டி முன்சாய்வதால் இப்பாரம் இன்னும் மிகும். வண்டியில் ஏறியவரைப் பார்த்து, ‘கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள்’ என்று வண்டிக்காரர் சொன்னது இக்கணக்கை அறிந்துதான். அளவும் முக்கியம். மிக மெல்லிய மயிற்பீலியே ஆனாலும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

நான்காவது கூண்டு. மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துக் கட்டி, மேலே பாய் வேய்ந்தது அது. கூரையின் பகை மழை நீர். நீர் புகும் இடம் பெரும்பாலும் பரப்பின் நடுவில் இராது. ஒரு பாயும் மற்றொரு பாயும் சேரும் ஓரத்திலேயே இருக்கும். ஆகவே பேணுபவர் கண் எப்போதும் இணைப்புகளைத் தேடிச் செல்ல வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் கட்டுகளை இறுக்குவதும், இற்றுப்போன பாயை மாற்றுவதும் கோடைக்கால வேலைகள்.

இதுவரை பேணுதலைக் கண்டோம். இனித் திருத்தி மேம்படுத்துதலைக் காண்போம். பேணுதல் என்பது இருந்ததை இருந்தபடி காப்பது. மேம்படுத்துதல் என்பது இல்லாததைச் சேர்ப்பது. இரண்டாவது வேலை முன்னதைவிடக் கடினம். காரணம், வண்டியில் ஓர் உறுப்பை மாற்றினால் மற்ற உறுப்புகளின்மேல் விழும் சுமையும் மாறிவிடுகிறது.

வில்வண்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில், அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அமர்ந்து, குலுக்கலைத் தான் வாங்கிக்கொள்கிறது. பயணிகளுக்குச் சுகம், வண்டிச் சட்டத்துக்கும் ஆயுள் மிகுதி. ஆனால் வில் அமைத்த பிறகு கவனிக்க வேண்டிய புது உறுப்பு ஒன்று சேர்ந்துவிட்டது. எஃகுப் பட்டைகளுள் ஒன்று விரிசல் கண்டாலும் வண்டி ஒரு பக்கம் சாயும், அச்சு கோணும், சக்கரம் தேயும். சுகத்தைச் சேர்த்தவர், அதனைக் காக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்.

இதனினும் பெரிய மாற்றம் டயர் வண்டி. காற்றடைத்த சக்கரத்தை 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக உருவாக்கினார். பின்னர் அது மாட்டு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. இரும்புப் பட்டை குறுகியது. ஈர மண்ணில் புதையும். தார்ச் சாலையை அறுக்கும். காற்றுச் சக்கரமோ அகன்ற பரப்பில் பாரத்தைப் பரப்புகிறது. கல்லையும் குழியையும் விழுங்கிக்கொண்டு உருள்கிறது. எருதுக்கு இழுப்புக் குறைகிறது. இது பெரு நன்மையே. ஆயினும் மரச் சக்கரத்தைக் கழற்றி டயர்ச் சக்கரத்தை மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதற்செய்தி உராய்வு. பெரிய சக்கரம் சிறிய அச்சின்மேல் சுழலும்போது, அச்சில் ஏற்படும் உராய்வின் தடை சக்கரத்தின் விளிம்பில் பல மடங்கு குறைந்து தோன்றும். சக்கரத்தின் ஆரம் 75 சென்டிமீட்டர், அச்சின் ஆரம் 2.5 சென்டிமீட்டர் என்றால், தடை 30-இல் ஒரு பங்காகக் குறையும். டயர்ச் சக்கரம் சிறியது. அதன் ஆரம் 35 சென்டிமீட்டர் என்றால் குறைவு 14-இல் ஒரு பங்கு மட்டுமே. பெரிய சக்கரம் இலவசமாகத் தந்த உதவியில் பாதி போய்விட்டது. அதனை ஈடு செய்யவே டயர்ச் சக்கரத்துக்கு உருளைகள் வைத்த பேரிங் இன்றியமையாததாகிறது. பேரிங் வந்தால் கிரீஸ் வேண்டும். தூசு புகாத மூடி வேண்டும்.

இரண்டாவது செய்தி கழுத்தின் பாரம். சக்கரம் சிறிதானால் அச்சு தாழ்கிறது. எருதின் உயரமோ மாறவில்லை. இழுக்கும் விசை முன்னைவிட அச்சுக்கு வெகு மேலே செயற்படுவதால், நுகத்தடி கழுத்தில் அழுந்தும் அளவு கூடுகிறது. ஆகவே சக்கரத்தை மாற்றியவர், சுமையை வைக்கும் இடத்தையும் வண்டிக்காலின் சாய்வையும் மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது செய்தி நிறுத்தும் ஆற்றல். எளிதாக உருளும் வண்டி எளிதாக நிற்காது. சரிவான பாலத்தில் இறங்கும்போது வண்டி எருதுகளைப் பின்னிருந்து தள்ளும். எளிதாக ஓடுகிறதே என்று முன்னைவிட மிகுதியாகச் சுமை ஏற்றினால் ஆபத்து இரட்டிப்பாகும். டயரைச் சேர்த்தவர் தடையையும் சேர்த்தாக வேண்டும். இரவில் பின்வரும் மோட்டார் வண்டிகளுக்குத் தெரியும்படி ஒளி எதிரொளிக்கும் தகடுகளையும் பொருத்தியாக வேண்டும்.

நம் நாட்டு மாட்டு வண்டியை இவ்வாறு முழுமையாக ஆராய்ந்து திருத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தியவர் பேராசிரியர் என். எஸ். இராமசுவாமி. 1973ஆம் ஆண்டில் தொடங்கிய பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் அவர். பெரிய தொழிற்சாலைகளைப் பற்றி மட்டுமே மேலாண்மை அறிஞர் பேச வேண்டும் என்று எண்ணாமல், எருதின் கழுத்துப் புண்ணையும் வண்டியின் வீண் எடையையும் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். எடை குறைந்த உடல், உராய்வு குறைந்த சக்கரம், கழுத்தை வருத்தாத நுகம் ஆகியவை அவர் வேண்டிய திருத்தங்கள். சட்டமும் இதில் தலையிட்டுள்ளது. 1965ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இழுவை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், விலங்கின் பருமனையும் சக்கரத்தின் வகையையும் பொறுத்துச் சுமைக்கு எல்லை வகுத்தன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றும், வெப்பம் 37 பாகை செல்சியஸைக் கடந்த இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது என்றும் அவை விதித்தன.

இப்போது காரின் பின்னே ஓடும் வீட்டு வண்டிக்குத் திரும்புவோம். நுகத்தடியின் இடத்தில் அங்கே இருப்பது கொளுவி. முன்பாரம் மிகுந்தால் காரின் பின்புறம் அமுங்கி, அதன் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பின்பாரம் மிகுந்தால் வண்டி வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் அலையும். விரைவு கூடக்கூட அந்த அலைச்சல் கட்டுக்கு அடங்காமல் போய்க் கவிழ்க்கவும் கூடும். ஆகவே மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொளுவியின்மேல் இருக்கட்டும் என்பது அமெரிக்க வழக்கு. 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் கொளுவியின் பாரம் 120 கிலோகிராம் என்று கொள்வோம். உரிமையாளர் ஒருவர் ஆசையோடு 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை அச்சுக்கு 2 மீட்டர் பின்னே பொருத்துகிறார். கொளுவி அச்சுக்கு 4 மீட்டர் முன்னே உள்ளது. தொட்டி நிறைந்தால் 100 கிலோகிராம். கொளுவியின் பாரம் 50 கிலோகிராம் குறைந்து 70 ஆகிவிடும். மொத்த எடையோ 1,300 ஆகிவிடும். 10 விழுக்காடாய் இருந்தது 5 விழுக்காட்டளவில் வந்து நிற்கிறது. தொட்டியில் எந்தக் குறையும் இல்லை; வைத்த இடத்தில்தான் குறை. அச்சுக்கு அருகில் வைத்திருந்தால் தீங்கில்லை. கூண்டு வண்டிக்காரர் ‘பின்னால் தள்ளி உட்காருங்கள்’ என்று சொன்ன அதே கணக்குத்தான் இது.

மற்றவையும் அவ்வாறே. மசகின் இடத்தில் பேரிங்கின் கிரீஸ். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் புதிது இட வேண்டும். கடையாணியின் இடத்தில் சக்கரத்து மறைகள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பாயின் ஓரத்தின் இடத்தில் தகடுகளின் இணைப்பு. அங்கே பூசிய அடைப்புப் பசை வெடித்திருந்தால் நீர் புகும். சுவரைக் கையால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் உள்ளே மரம் இற்றுவிட்டது என்று அறியலாம். டயர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். அதன் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் உண்டா என்று பார்க்க வேண்டும். கொளுவி கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி பிடித்துக்கொள்ளும் காப்புச் சங்கிலியே இக்காலத்துச் சேம அச்சு.

‘நாமே செய்வோம்’ என்னும் ஊக்கம் நல்லதே. ஆனால் எதை நாமே செய்வது என்னும் தெளிவும் வேண்டும். நம் கிராமத்தில் இத்தெளிவு இருந்தது. மசகு இடுவதும், கடையாணி பார்ப்பதும், பாய் வேய்வதும் உடையவர் வேலை. ஆரக்கால் இழைப்பது தச்சர் வேலை. பட்டை காய்ச்சி ஏற்றுவது கொல்லர் வேலை. உடையவர் கொல்லரின் சுத்தியலைப் பறிக்கவில்லை. ஆனால் கொல்லர் செய்த வேலை செம்மையா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் அறிவு அவரிடம் இருந்தது. இன்றும் அவ்வாறே. துடைத்தல், கிரீஸ் இடுதல், காற்று அளத்தல், இணைப்புக்குப் பசை பூசுதல் ஆகியவற்றை உடையவர் செய்யலாம். தடை, மின்சாரம், சமையல் எரிவாயு ஆகிய மூன்றையும் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் படிந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சக்கரத்தைத் தூக்குமுன் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. அன்றியும், பதிவு பெற்ற மோட்டார் வாகனத்தின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டத்தின் கண்ணில் இழுவை வண்டியும் வாகனமே. சாலையில் நாம் மட்டும் செல்லவில்லை அன்றோ?

மாணவர்களே, உங்களுள் சிலரிடமே என்றேனும் வீட்டு வண்டி இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலோர் வீட்டில் ஒரு மிதிவண்டி இருக்கும். சிலர் வீட்டில் டிராக்டரும் அதன் இழுவைப் பெட்டியும் இருக்கும். வரும் விடுமுறையில் ஒரு நாள் காலையில் அதன் அருகே அமருங்கள். எது சுழல்கிறது, எது உரசுகிறது, எது பாரத்தைத் தாங்குகிறது, எது நிறுத்துகிறது என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள். ஒவ்வோர் உறுப்பின் எதிரிலும், ‘இதனை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது?’ என்று தேதியிடுங்கள். மறுமாதம் அதே தாளை எடுத்து மீண்டும் பாருங்கள். ஊரில் பட்டை கட்டத் தெரிந்த முதிய கொல்லர் எவரேனும் இருப்பாராயின், அவரைக் கண்டு கேட்டு, அவர் சொல்லும் உறுப்புப் பெயர்களையும் செய்முறையையும் அவர் சொன்னபடியே குறித்து வையுங்கள். மரச் சக்கரங்கள் நம் தெருக்களிலிருந்து மறைந்து வருகின்றன. அவற்றைச் செய்யத் தெரிந்தவர் தொகையும் அவற்றோடு குறைந்து வருகிறது. அந்தக் குறிப்பேடு நம் ஊருக்கு ஒரு சேம அச்சாக இருக்கும்.